நடுக்குடை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறவன் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இதுவரை இரண்டு தாள் வீணாகிவிட்டது.

நான் சுகம். டீக்கடை ஓடுகிறது. முட்டிதான் படுத்துகிறது. அப்பாவுக்கு இருந்த அதே முட்டி. சாலையோர மேட்டை நம் இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதிவைத்தவர் முட்டியை மட்டும் எனக்கே தனியாக எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மரங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் விஷயமே அதுதான். நம் மேட்டுத் தூங்குமூஞ்சி மரங்கள் மூன்றையும் இப்போது எல்லோரும் 'மூணு குடை' என்றே சொல்கிறார்கள். வளைவில் பஸ் திரும்பினால் போதும், உள்ளே இருக்கிற அத்தனை தலையும் ஒரே பக்கம் சாய்கிறது. சனி ஞாயிறில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு டீ ஆற்றி மாளவில்லை. நடுக்குடை, அதாவது மாமா ஏறிய அந்த மரம், தலை பிய்ந்து மொட்டையாக நின்றதே, அது நன்றாகத் துளிர்த்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இப்போது சுற்றுலா அலுவலகத்தில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். மேட்டைச் சுற்றி வேலி, உட்காரக் கல் இருக்கைகள், வாசலில் ஒரு பெரிய பலகை. மரங்கள் இனி நிரந்தரப் பாதுகாப்பில் இருக்குமாம், யாரும் வெட்ட முடியாதாம். நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலில் குறி போட்ட இடத்தில் நீ போடவேண்டும்.

இன்னொன்றும் யோசித்தேன். பலகையில் மாமா பேரையும் போடச் சொல்லலாமா? 'இம்மரங்களைப் பராமரிக்கையில் உயிர் நீத்தவர்' என்று. அலுவலர் சரி என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

அன்பும் மண்ணாங்கட்டியும் போட எனக்கு நேரமில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து இருபது நிமிஷத்தில் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. காலையில் நானூறு படுக்கை விரிப்பு வண்டியில் வந்து இறங்கும். எது எந்த வார்டிலிருந்து வந்தது என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெள்ளாவி ஆவியில் விரல் நுனியெல்லாம் வெந்து தடித்துப்போய்விட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இதையெல்லாம் நீ கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன்.

உன் மூணு குடையைப் பற்றி நீ எனக்கு எழுதவே வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்தில் எனக்கு நேர் எதிரே சுவர் அகலத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'வாருங்கள், எங்கள் நிழலில் இளைப்பாறுங்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்த நிழலில்தான் இளைப்பாறினார். பஸ் வருகிறவரை தினமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பஸ் வந்ததே தெரியாமல் இரண்டு நாள் தவறவிட்டிருக்கிறேன்.

பலகையில் அவர் பேரைப் போடுகிறாயா? போடு. கூடவே, 'தட்டிப் பார்க்காமல் ஏறிச் செத்தவர்' என்றும் போடு. அறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது? என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். ஒடிந்து விழுந்த பாகம் உள்ளே வெறும் கூடாம். தட்டிப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்குமாம். 'சோதிக்காமல் ஏறியதாக நேரில் கண்டவர் கூறுகிறார். ஏறியவரின் கவனக்குறைவே காரணம்.' ஒரு வரிகூட மறக்கவில்லை. நேரில் கண்டவர் நீ.

அவரோடு மரம் ஏறிக் கிளை கழிக்கிற வேலை பார்த்தவர்கள் அவரை வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, எடுத்து மரத்தைச் சுற்றி வந்து மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் கயிற்றைத் தொடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் அதுதான். அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு மட்டும் தட்டவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலைக்குக் கடைசியில் கிடைத்த பேர் கவனக்குறைவு.

அந்தக் கொட்டாப்புளியை அவர் துணிமணியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் இங்கே கொண்டுவந்து கொதிகலன் அடுப்பில் போட்டேன். வேண்டிய நேரத்தில் கையில் எடுக்காத சாமான் இருந்தென்ன, போயென்ன? நல்ல வைரம் பாய்ந்த மரம், அரை மணி நேரம் எரிந்தது.

கையெழுத்துப் போட மாட்டேன். அந்த மூன்றையும் வெட்டிப் போடு, அப்போது கூப்பிடு, வந்து பார்க்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலைந்து தடவை படித்தேன்.

அதை ஏன் அக்கா எரித்தாய்? எரித்திருக்க வேண்டாம். உன்னைக் குறை சொல்லவில்லை, உன் பொருள். இருந்தாலும் எரித்திருக்க வேண்டாம்.

விசாரணையில் என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான். இதில் எனக்கென்ன லாபம்? மாமாவை நான் என்றைக்காவது மட்டமாகப் பேசியிருக்கிறேனா? எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஒருநாள் கை தப்பும். அதை நீ அவர் மேல் வைத்துக்கொண்டிருக்காதே. அவர் மேல் தப்பு இல்லை. யார் மேலும் தப்பு இல்லை.

மரத்தை வெட்டு என்கிறாய். அது அப்பா நட்டது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது. மூன்றில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, நடுவில் இருப்பது யாருக்கு என்று அடித்துக்கொண்டு அப்பாவிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டோமே. அதைப் பார்க்க இப்போது எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். போன வாரம் ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் வந்து, மரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிற்று, தொடவே இல்லை.

வேலி போடும் முன்னால் இடப்பக்கத்து மரத்தில் காய்ந்த கிளைகளைக் கழிக்கவேண்டுமாம். ஆள் அனுப்புகிறார்கள். யார் தெரியுமா? மாமாவுக்குக் கயிறு பிடித்தாரே, நெட்டை, அவர்தான். இப்போது அவரே ஏறுகிறாராம்.

படிவத்தைப் பற்றி மறுபடி யோசி. அவசரமில்லை.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நீ எழுதி நாலு நாளில் நெட்டை என்னைப் பார்க்க வந்துவிட்டார். சலவைக்கூட வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நிலை தலையில் இடிக்காமல் குனிந்து நின்றார். "அண்ணி, அந்த மேட்டுக்கே என்னைப் போகச் சொல்றாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போக மனசு வரல" என்றார். மூன்று வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லையாம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் உடம்போடு ஆஸ்பத்திரிக்குப் போனதோடு சரி.

வழக்கம்போல அதே பல்லவி. "அண்ணன் தட்டாம ஏறியிருக்க மாட்டாரு அண்ணி. நான் ரெண்டாவது கயிறு எடுக்க லாரிக்குப் போயிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் நான் அங்க இல்ல. ஆனா எழுதிக் குடுக்கிறேன், அவரு தட்டியிருப்பாரு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்க்காததுக்கு எதுக்குங்க சாட்சி? பார்த்தவன் என் தம்பி இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அவரை ஏன் அப்படி விரட்டினேன் என்று உனக்குச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சண்டை போட்டு வந்ததற்கும் பாதிக் காரணம் இதுதான், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு வீட்டு ஓட்டை மாற்ற ஆள் வருவதாக இருந்தது. மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொன்னவர் செருப்பை மாட்டுவதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பொறுமை இல்லை. "ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டி நாடி புடிச்சிக்கிட்டு நிக்காதீங்க. அது என் தம்பி வீட்டு மரம், சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. சட்டுனு ஏறி எறங்கி வீட்டுக்கு வாங்க" என்றேன். அவர் சிரித்தார். "உத்தரவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பேச்சைக் கேட்டிருக்கிறார், தம்பி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேட்டார். அறிக்கையை வாசித்தபோது எல்லோரும் அவர் குற்றவாளி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விரிப்பை மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒருத்தி நிற்பாள். இரண்டு பேரும் முனையைப் பிடித்து, நடந்து வந்து, சேர்த்து, மறுபடி பின்னால் போகவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. ஒவ்வொரு தடவை பின்னால் போகும்போதும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். இது நான் யோசித்து வருவதில்லை, கால் போகிறபோதே வந்துவிடுகிறது.

சரி. எனக்கு அலுத்துவிட்டது. மரம் என்ன செய்யும், நீதான் என்ன செய்வாய்? படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று செய். நெட்டை ஏறும்போது நீ பக்கத்தில் நில். அவர் மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார் என்று உன் கண்ணால் பார். தட்டவில்லை என்றால் காலைப் பிடித்தாவது இழு. போன தடவை சும்மா பார்த்துக்கொண்டு நின்றாய். இந்தத் தடவை நிற்காதே.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

படிவம் கிடைத்தது.

நெட்டை 14ஆம் தேதி வருகிறார். உன் கடிதத்துக்குப் பெரிதாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ சொன்னதால் எதுவும் நடக்கவில்லை அக்கா. அதை மட்டும் நம்பு. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்காதே.

தம்பி


மார்ச் 15

அக்கா,

மாமா தட்டினார்.

மூன்று இடத்தில் தட்டினார். சுற்றி வந்து, காதை வைத்து, ஒவ்வொரு இடமாக, நிதானமாகத் தட்டினார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது தட்டு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "கெட்டியா இருக்கு மாப்ள. உங்கப்பா கை ராசி" என்றார். அப்புறம்தான் கயிற்றை எடுத்தார்.

நீ சொன்னதை அவர் கேட்கவில்லை. உன் பேச்சை அன்றைக்கும் அவர் கேட்கவில்லை. முதலில் இதை எழுதிவிட்டேன். மீதியைப் படிக்காமல் தீயில் போட்டாலும் சரி.

மாமா சாவதற்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நடுக்குடையிலும் இடப்பக்கத்து மரத்திலும் பொந்து விழுந்திருப்பதைப் பார்த்தேன். கையை விட்டால் தோள் வரை போயிற்று. சாலை ஓரத்து மரம் உள்ளே கூடாகிவிட்டால் வெட்டச் சொல்லிவிடுவார்கள். மாமாவிடம் கேட்டிருக்கலாம். அப்போது நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்கள், ஒரு கடிதம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். ஆனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தாட்சண்யம் பார்க்க மாட்டார், வெட்டு என்பார். அதனால் கேட்கவில்லை.

ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். பூங்காவில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், பல்லில் சொத்தை அடைப்பதுபோல, மரத்துக்குப் பலம்தான் என்றார். அது அப்போது எனக்குப் பாலாய் இனித்தது. யாரும் வராத மழை வாரம் ஒன்றில் ஏணி வைத்து, மேல் பொந்து வழியாகச் சிமெண்டும் ஜல்லியும் கொட்டி, அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் வரை அடைத்தோம். வாயில் பட்டையை வைத்து அடித்து மண் பூசினோம். இரண்டு வருஷத்தில் மரமே அதை மூடிக்கொண்டது. மேலே கூடு அப்படியே இருந்தது. ஆனால் கீழே எங்கே தட்டினாலும் கல் மாதிரிக் கேட்கும்.

மாமா தட்டுகிறபோது எனக்குத் தெரியும் அக்கா. முதல் தட்டிலேயே வாயைத் திறந்தேன். சுற்றுலா அலுவலர் காரில் உட்கார்ந்து, மாமா சொன்னதும் இது நல்ல மரம் என்று எழுதிக்கொடுக்கக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டு. உள்ளே பலமாகத்தானே இருக்கிறது, கொத்தனார் சொன்னாரே என்று நினைத்தேன். மூன்றாவது தட்டு. அவர் "கெட்டி" என்றார், நான் சிரித்தேன். சிரித்தேன் அக்கா.

இருபதடி மேலே அவர் கயிறு கட்டின இடம் வெறும் ஓடு. அது முறிந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை.

விசாரணையில், தட்டினாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றால், அப்படியானால் ஏன் கெட்டியாகக் கேட்டது என்று அடுத்த கேள்வி வரும். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. ஒடிந்த மரத்தின் வாயில் சிமெண்ட் தெரியாதபடி அன்று சாயங்காலமே ஏணி வைத்து இரண்டு கூடை மண் கொண்டுபோய்க் கொட்டினேன். அடிமரத்தை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

நேற்று நெட்டை வந்தார். இடப்பக்கத்து மரத்தைச் சுற்றி வந்து தட்டினார். அதே மாதிரி காதை வைத்தார். அதே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்து, "கெட்டிதான்" என்றார். நீ சொன்னபடி பக்கத்தில்தான் நின்றேன். அவர் கயிற்றை வீசிவிட்டார், ஒரு காலை மரத்தில் வைத்துவிட்டார். நான் போய் அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஏறாதீங்க, உள்ள சிமெண்ட்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். காலைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் நடுக்குடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அண்ணன் தட்டியிருக்காரு" என்றார். கயிற்றைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மன்னிக்கச் சொல்லி எழுத எனக்கு வாய் இல்லை. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.


ஏப்ரல் 2

உன் கடிதம் வருவதற்கு முன்னால் நெட்டை வந்துவிட்டார். வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணன் தட்டினாரு அண்ணி" என்று வாசலிலிருந்தே சொன்னார். எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மீதியைச் சொன்னார். மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி நான் உனக்கு எழுதினது மார்ச் 1ஆம் தேதி. ராத்திரி பகல் என்று இல்லாமல் மூன்று வருஷம் எனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினதை எடுத்து உன் கையில் கொடுத்தேன். நான் கொன்றேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, 'படிவம் கிடைத்தது' என்று எழுதினாய். நீ மனுஷனா? நெட்டை அந்த மரத்தில் காலை வைக்காமல் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாயா? எனக்காக நீ வாய் திறக்கவில்லை. இன்னொரு பிணம் விழும் என்ற பயத்தில்தான் திறந்தாய். அது தெரிந்து போயிற்று எனக்கு.

மூன்று வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன். போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். எப்படித் தட்டாமல் ஏறினாய் பாவி என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. அந்த மனுஷன் தட்டியிருக்கிறார். அவர் கடைசியாகத் தட்டின கொட்டாப்புளி அது, அதை நான் அடுப்பில் போட்டேன். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். 'ஏன் எரித்தாய்' என்று நீ எழுதினாயே, தெரிந்துகொண்டேதான் எழுதியிருக்கிறாய். எந்தக் கையால் அக்கா அதை எரித்தாய் என்று என்னைக் கேட்கிற மாதிரி, எந்தக் கையால்டா நீ அதை எழுதினாய்?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் போனேன். நெட்டை கூட வந்தார். முதலில் கோப்பு மூடியாயிற்று என்றார்கள். மூன்றாவது நாள் உன் கையெழுத்தைப் படித்துப் பார்த்தார்கள். உன்னைக் கூப்பிடுவார்கள். அங்கே போய் எனக்கு எழுதினதை அப்படியே சொல். ஒரு எழுத்து குறைந்தாலும் நான் விடமாட்டேன்.

நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துவிடு. கிழித்ததைத் திருப்பி அனுப்பு, எனக்குப் பார்க்கவேண்டும்.


ஏப்ரல் 24

அக்கா,

படிவத்தின் துண்டுகளை இதோடு வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் எல்லாம் சொன்னேன். எழுதி வாங்கினார்கள். பொய்ச் சாட்சிக்கு என் மேல் கேஸ் போடுவார்களாம். போடட்டும். உனக்கும் ஒரு கடிதம் அனுப்புவார்கள். பழைய வரியை எடுத்துவிட்டு, 'முறைப்படி சோதித்த பின்னரே ஏறினார்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதும்போது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் மரங்களை வெட்டினார்கள். வலப்பக்கத்து மரம் நல்ல மரம்தான், ஆனாலும் வேர் சாலைப் பக்கம் போகிறது, தனியாக நின்றால் காற்று தாங்காது என்று அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். நெட்டைதான் முன்னால் நின்று செய்தார். என் கடை டீயை யாரும் குடிக்கவில்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள்.

நடுக்குடையை அறுக்க முடியவில்லை. ரம்பம் சிமெண்டில் பட்டுப் பல் போய்விட்டது. கடைசியில் சுற்றி இருந்த மரத்தை மட்டும் கோடாரியால் சீவி எடுத்தார்கள். மரம் போனபிறகு நான் கொட்டின சிமெண்ட் மட்டும் தனியாக நிற்கிறது. எட்டடி உயரம். பொந்து எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவு, முடிச்சு இருந்த இடத்தில் முடிச்சு. மேட்டில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. இடப்பக்கத்துச் சிமெண்ட் விழும்போதே இரண்டாக உடைந்துவிட்டது, இது உடையவில்லை. கடை வாசலில் நின்றால் நேரே தெரிகிறது. மரத்தைப் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, இது என்ன என்று கேட்கிறார்கள். சில பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் வைத்து இடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

பார்சலில் ஒரு கொட்டாப்புளி வரும். வலப்பக்கத்து மரத்தின் கிளையில் என் கையாலேயே செதுக்கினேன். நீ எரித்ததற்கு ஈடாகாது என்று தெரியும். இருந்தாலும் வைத்துக்கொள்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

அலுவலகத்துக் கடிதம் வந்தது. அவர் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போட்டோவை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் உன் மூணு குடையின் மேல் சோப்பு விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். நேராகவே நிற்கிறேன் இப்போது.

உன் கொட்டாப்புளியை இந்தப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தூங்குமூஞ்சி மரம் இதற்கு ஆகாது, ஒரு மாசம் தாங்காது என்று அவர் சொல்வார். பரவாயில்லை, உடைந்தால் இன்னொன்று செய்துகொள்.

சிமெண்டை இடிக்காதே. மேட்டில் எனக்கும் பாதி இருக்கிறது, இடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது நிற்கட்டும். நீ தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் அதன்கிட்டே போ. சுற்றி வந்து மூன்று இடத்தில் தட்டு. காதை வைத்துக் கேள். அவர் காதில் என்ன கேட்டது என்று அப்போது தெரியும்.

கேட்டதை எனக்கு எழுது. சுகமா, மழை பெய்ததா, முட்டி வலிக்கிறதா என்று வேறு எதுவும் எழுதவேண்டாம். என்ன கேட்டது என்று மட்டும் எழுது.

அக்கா